அரைக் கட்டை கீழே ஒரு கிட்டார்

என் மனைவியின் குரல் சுருதியில் அரைக் கட்டை இறங்கிப்போனது தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு. டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். "உயிருக்கு ஒண்ணுமில்ல, பேச்சுக்கும் ஒண்ணுமில்ல. பாட்டுன்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம்." அந்த முன்னபின்ன எவ்வளவு என்று தெரிய மூன்று மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலையில் சமையலறையில் பழைய பாட்டு ஒன்றை எடுத்தாள். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் நின்றுவிட்டது. மறுபடி எடுத்தாள், மறுபடி அதே இடத்தில் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு, "அரைக் கட்டை போச்சுங்க" என்றாள். அவள் அழவில்லை.

நாங்கள் இருவரும் ஓர் இன்னிசைக் குழுவில் இருக்கிறோம். குழு என்று நோட்டீஸில்தான் போடுவார்கள், எங்களுக்குள் ட்ரூப்தான். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோயில் திருவிழா என்று போவோம். கீபோர்டு வாசிப்பவர்தான் ட்ரூப்பின் சொந்தக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணே. ஆண் குரலுக்கு ஒருவர், தாளத்துக்கு இருவர், பெண் குரலுக்கு என் மனைவி, எலெக்ட்ரிக் கிட்டாருக்கு நான்.

பகலில் நான் திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் எலக்ட்ரீஷியன். இருபது வருஷ சர்வீஸ். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் நான்தான். "எர்த் இல்லாத மெஷினைத் தொடாதே. கசியுற கரண்ட்டுக்கு மண்ணுக்குப் போக ஒரு வழி வேணும். எர்த் வயர்தான் அந்த வழி. அது இல்லேன்னா நீதான் வழி." இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைப் படித்துவிட்டு, பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காக உச்சுக்கொட்டக் கூடாது.

குரல் அரைக் கட்டை இறங்கினால் கீபோர்டுக்குக் கவலையில்லை, ஒரு பட்டனைத் தட்டினால் அதுவும் அரைக் கட்டை இறங்கிவிடும். கிட்டாரில் அப்படி ஒரு பட்டன் கிடையாது. அதன் கழுத்தில் மாட்டுகிற கிளிப் ஒன்று இருக்கிறது, அது சுருதியை ஏற்றும், இறக்காது. இறக்க வேண்டுமென்றால் ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். ஆண் பாடகர் ஒரு பாட்டு பாடுவார், அடுத்தது என் மனைவி, மறுபடி அவர். நான் ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் மேடையில் குனிந்து நின்று முறுக்காணியைத் திருகிக்கொண்டிருப்பேன். கூட்டம் விசிலடிக்கும். கரூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அப்படித் திருகும்போது கம்பி அறுந்து என் கன்னத்தில் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அண்ணே சிரிக்கவில்லை.

வேன் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, தப்பா எடுத்துக்காத. தங்கச்சி நல்லாத்தான் பாடுது. ஆனா பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ரெண்டு நிமிஷம் சும்மா நின்னா, அடுத்த வருஷம் எவன் கூப்பிடுவான்? ஒரு சின்னப் பொண்ணு சான்ஸ் கேட்டுக்கிட்டே இருக்கு, ஒரிஜினல் கட்டையிலயே பாடுது. சித்திரை வரைக்கும் பாப்போம்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஐந்து குடும்பம் ஓட வேண்டும். ஆனால் என் மனைவிக்கு மேடை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வீட்டில் பத்து வார்த்தை பேசாதவள் அங்கே போனால் வேறு ஆள். அந்தக் கழுத்துத் தழும்பைப் பாசிமணியால் மறைத்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்த நான்காவது மாதமே மேடையேறியவள். நான் வீட்டுக்கு வந்து அவளிடம் அண்ணே சொன்னதைச் சொல்லவில்லை. "இன்னொரு கிட்டார் வாங்கணும்" என்று மட்டும் சொன்னேன். ஒன்று சரியான சுருதிக்கு, இன்னொன்று அரைக் கட்டை கீழே. மாற்றி மாட்டிக்கொண்டால் முடிந்தது.

"வீண் செலவு" என்றாள். முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாவது கிட்டார் வாங்குவது முதல் கிட்டார் வாங்குவதைவிடக் கஷ்டம் என்று அந்தத் தை மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன். முதல் கிட்டாரை ஆசைக்கு வாங்குகிறோம், நிறத்தைப் பார்க்கிறோம். இரண்டாவதோ முதலாவதைப் போலவே இருக்க வேண்டும். கழுத்தின் தடிமன் மாறினால் விரல் தடுமாறும். சத்தம் கூடக்குறைய வந்தால் சவுண்ட் மிக்ஸர்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் திட்டுவார். வேனில் உருண்டு புரண்டாலும் சுருதி நிற்க வேண்டும். இத்தனையும் இருந்து, விலை மட்டும் கையில் இருப்பதற்குள் அடங்க வேண்டும். சிங்காரத்தோப்பில் ஒரு கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து புதுசாக எட்டு கிட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். பளபளப்புக்குக் குறைவில்லை. ஒன்றில் கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளின் ஓரம் ரம்பமாக விரலைக் கீறியது, ஒன்றில் முறுக்காணி விட்ட இடத்தில் நிற்காமல் நழுவியது. கடைக்காரர் பொறுமையான மனிதர். "சார், இந்த விலைக்குப் புதுசு வாங்குனா இப்படித்தான் இருக்கும். பழசுல நல்லது கெடைச்சா விடாதீங்க" என்றார்.

பழசு கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் கிட்டார் விற்பனைக்கு என்று போனில் பார்த்தேன். வெண்ணெய் நிறம், என்னுடையதைப் போலவே கழுத்து. ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் பிடித்துப் போனோம். பாலம் தாண்டும்போது கீழே காவிரியில் வெறும் மணல்.

உத்தர வீதியில் ஒரு மாடி வீடு. கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், சுறுசுறுப்பான ஆள். "வாங்கோ, வாங்கோ. செருப்பை அங்கேயே விட்டுடுங்கோ. எம்பிள்ளை வெளிநாட்டுக்குப் போய் மூணு வருஷமாச்சு. இது அலமாரில தூங்கறது. பெருமாள் வீதில எழுந்தருளறச்சே மட்டுந்தான் அவன் நிறுத்துவான், மத்தபடி எங்காத்துல நாள் முச்சூடும் இந்தச் சத்தந்தான்" என்று சொல்லிக்கொண்டே உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. சில பொருள்கள் அப்படி. கம்பிகளை அரைக் கட்டை இறக்கினேன். மனைவி சுவரோரம் நின்றபடி, மெல்லிய குரலில், அந்தச் சமையலறைப் பாட்டின் அதே இடத்தை எடுத்தாள். குரல் போய் உட்கார்ந்தது. அந்த அம்மாளே, "அடடா, பாடறவாளா நீங்க!" என்றார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இதை வாங்காமல் இந்த வீட்டைவிட்டு இறங்குவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கையோடு கொண்டுபோயிருந்த சின்ன பேட்டரி ஸ்பீக்கரில் மாட்டினேன். உர்ர் என்று ஓயாத இரைச்சல். கம்பியைத் தொட்டாலும் அடங்கவில்லை. வழக்கமாகத் தொட்டால் அடங்கும். "ரொம்ப இரையுதேம்மா" என்றேன். அவர் உடனே மகனுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

"அண்ணா, அதைச் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான் அந்த மகன். "உள்ள ஒரு வயரை நான்தான் வெட்டி வச்சிருக்கேன். கம்பிகளுக்குப் போற எர்த். அதான் இரைச்சல்."

"ஏன் வெட்டுனீங்க?"

"எங்காத்து ப்ளக் பாயின்ட்ல எர்த் கிடையாது, நான் வச்சிருந்த ஆம்ப்ளிஃபயரும் பழசு. ஒரு நாள் நன்னா ஷாக் வாங்கினேன். கம்பிலேர்ந்து கையை எடுக்க முடியலை. அம்மாக்குத் தெரியாது, சொல்லிடாதீங்கோ. இரைச்சல் இருந்துட்டுப் போகட்டும்னு அன்னிக்கே வெட்டிட்டேன். நீங்க ஒட்டறதா இருந்தா, ஆம்புல எர்த் இருக்கான்னு பாத்துட்டு ஒட்டுங்கோ. மறந்துடாதீங்கோண்ணா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாருக்கு யார் எர்த் பற்றிப் பாடம் எடுப்பது? "தம்பி, நான் இருபது வருஷமா எலக்ட்ரீஷியன்" என்றேன்.

"அப்போ சரிண்ணா. உங்களுக்கு நான் சொல்லணுமா" என்று அவன் நிம்மதியாகப் போனை வைத்தான்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த அம்மாளிடம், "உள்ள வயர் போயிருக்காம்மா. சரிபண்ண செலவாகும்" என்று சொல்லி ஆயிரம் ரூபாய் குறைத்தேன். ஒரு சொட்டு ஈயமும் ஐந்து நிமிஷமும் போதும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன் உயிருக்குக் காவலாக வெட்டி வைத்திருந்ததை நான் குறையாகக் காட்டி விலை பேசினேன். படியிறங்கும்போது மனைவி கேட்டாள், "போன்ல என்ன சொன்னாரு?"

"இரைச்சல் ஏன் வருதுன்னு சொன்னான். வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

அன்றே வீட்டில் கிட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். வயர் தவறி அறுந்தது அல்ல, கத்தரியால் நேராக வெட்டி, நுனியில் டேப் சுற்றி அழகாக மடக்கி வைத்திருந்தான். டேப்பைப் பிரித்து, ஈயம் வைத்து ஒட்டினேன். இரைச்சல் நின்றுவிட்டது. "உங்க கை கைதாங்க" என்றாள் மனைவி.

மேடையில் இரண்டு கிட்டாரையும் ஒரே ஆம்பில் மாற்றி மாற்றிச் சொருகினால் ஸ்பீக்கரில் டப் டப் என்று வெடிக்கும். அதனால் இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப் வேண்டும். என்னுடைய ஆம்பை நானே ஒழுங்காக வைத்திருந்தேன். இன்னொன்றை அண்ணே மன்னார்புரத்தில் எங்கள் ஒத்திகை ஷெட்டின் மூலையிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். அவர் சின்ன வயதில் வாங்கியது. அதன் ப்ளக் எந்தக் காலத்திலோ உடைந்து போயிருந்தது. வயரின் இரண்டு நுனியை உரித்து, போர்டின் ஓட்டைகளில் நேராகச் சொருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சியால் இறுக்குவார்கள். மூன்றாவது வயர், எர்த், சுருட்டி டேப் போட்டு ஓரமாகக் கிடந்தது. திருவிழா மேடைகளில் பாதிச் சாமான் இந்தத் தீக்குச்சியில்தான் ஓடுகிறது.

பட்டறையில் இதை யாராவது செய்திருந்தால் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். இங்கே என்ன நினைத்தேன் தெரியுமா? திருவிழாப் போர்டுகளில் எர்த்தே கிடையாது, பிறகு மூணு பின் ப்ளக் மாட்டி யாருக்கு லாபம் என்று நினைத்தேன். நாளைக்கு மாட்டலாம் என்றும் நினைத்தேன். ஊருக்கெல்லாம் பலன் சொல்கிற பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை தெரியும் அல்லவா. அது விழுவதற்கு முன்னால் பானை விளிம்பில் எத்தனை நாள் உலாத்தியது என்று யாரும் சொல்வதில்லை. நான் மூன்று மாதம் உலாத்தினேன்.

முதல் ஒத்திகையிலேயே தெரிந்தது. கம்பியின் மேல் புறங்கை பட்டபோது எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சுருசுருப்பு. கை வியர்த்திருந்தால் கொஞ்சம் கூடும். பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, யாரும் பார்க்காத நேரத்தில் கம்பியில் வைத்தேன். உள்ளே சின்ன விளக்கு மங்கலாக எரிந்தது. போர்டில் இரண்டு வயரையும் இடம் மாற்றிச் சொருகிவிட்டு மறுபடி வைத்தேன். விளக்கு எரியவில்லை, சுருசுருப்பும் போய்விட்டது. இந்தப் பக்கம் சொருகினால் கடிக்கும், அந்தப் பக்கம் சொருகினால் கடிக்காது. அதை ஒரு மருந்தாக எடுத்துக்கொண்டேன். நோய் என்ன என்று ஆம்பைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் இது ஆகாது என்று எனக்கே சொல்ல வேண்டிவரும். ஆகாது என்றால் அண்ணே சித்திரைக்குப் பிறகு அந்தச் சின்னப் பொண்ணைக் கூப்பிடுவார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் கச்சேரி தொடங்கும் முன் சுருதி சேர்க்கிற பாவனையில் ஆம்புக்குப் பின்னால் குனிந்து, கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பேன். எரிந்தால் வயரை மாற்றிச் சொருகுவேன். மாசி முழுக்க விளக்கு மங்கலாகத்தான் எரிந்தது. பங்குனியில் கொஞ்சம் பிரகாசமானது. வேன் குலுக்கலில் உள்ளே எதுவோ தேய்ந்துகொண்டிருக்கிறது என்று புரியாத அளவுக்கு நான் முட்டாளில்லை. மாற்றிச் சொருகினால் அணைகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கச்சேரிகள் நன்றாகப் போயின, அதையும் சொல்ல வேண்டும். கிட்டார் மாற்றுவதே ஒரு ஐட்டம் ஆகிவிட்டது. ஆண் பாடகர் முடித்ததும் நான் என் பழைய கிட்டாரைக் கழற்றி வைப்பேன். அதற்குள் என் மனைவி வெண்ணெய் நிறக் கிட்டாரை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவந்து நீட்டுவாள். நான் மாட்டிக்கொள்ள, அவள் நேராக மைக் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாட்டை எடுப்பாள். புருஷன் பெண்டாட்டி என்று அண்ணே அறிவித்துவிடுவதால் அதற்கென்றே கைதட்டல் விழும். கிட்டாரின் கழுத்தைப் பிடித்துத் தூக்கும்போது அவள் முந்தானையைச் சுற்றித்தான் பிடிப்பாள். "பிரசாதமா அது, முந்தானையில வாங்குற?" என்று கிண்டல் செய்வேன். "வேர்வை பட்டா கம்பி துருப்புடிக்கும்னு நீங்கதான சொன்னீங்க" என்பாள். நான் சொல்லியிருக்கிறேன்தான்.

சித்திரையில் முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா. கடைசி நாள், மஞ்சள் நீர் விளையாட்டு. மதியமெல்லாம் முறைக்காரர்கள் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஊரே மஞ்சளாகக் கிடந்தது. சாயங்காலம் நாங்கள் போய் இறங்கியபோதும் விளையாட்டு ஓயவில்லை. பெண்கள் நாலைந்து பேர், "பாட்டுக்காரம்மா வாங்க" என்று சிரித்துக்கொண்டே என் மனைவியின் மேலும் ஒரு குடத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். அம்மன் தண்ணி, வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாற்றுப் புடவை வேனில் இல்லை. "காஞ்சுடும், விடுங்க" என்றாள். மேடை கோயிலுக்கு நேர் எதிரே. உற்சவ அம்மனைப் பந்தலில் வைத்திருந்தார்கள், மேடைப் பலகையிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். செருப்பை எல்லோரும் கீழேயே விட்டுவிட்டு ஏறினோம். கல்யாண மண்டபங்களில் ரப்பர் செருப்போடு நிற்பது வழக்கம். சாமி முன்னால் அது முடியாது. வெறுங்காலில் பலகையின் ஈரம் பட்டதும் எனக்கு உள்ளங்கால் கூசியது.

டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு அதுவரை எரியாத மாதிரி பளிச்சென்று எரிந்தது. மாற்றிச் சொருகினேன், அணைந்தது. மறுபடியும் ஒரு முறை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. சரி என்று எழுந்தேன்.

நான்கு பாட்டு முடிந்தது. ஐந்தாவது ஆண் பாடகருடையது. அதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர் ஒருவர் நன்றி சொல்ல வேண்டும் என்று பந்தலில் எழுந்தார், அவருக்காக மைக் ஸ்டாண்டைக் கீழே பந்தலுக்குக் கொண்டுபோனார்கள். என் மனைவி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். பெரியவர் பேசி முடித்தும் ஸ்டாண்ட் மேடைக்குத் திரும்பவில்லை. ஆண் பாடகரின் பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. கூட்டம் ஓவென்று கத்தியது. லைட்காரர் ஓடிவந்து எங்கள் வயர்களையெல்லாம் போர்டிலிருந்து பிடுங்கி ஜெனரேட்டர் போர்டில் சொருகினார். வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, கையில் தீக்குச்சிகளோடு அவர் குனிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பழைய ஆம்பின் இரண்டு வயரும் எந்த ஓட்டையில் எது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. டெஸ்டர் சட்டைப் பையில் இருந்தது, ஆம்ப் நாலடி தள்ளி இருந்தது.

விளக்கு வந்தது. "விட்ட எடத்துலேர்ந்து எடுங்கப்பா, கூட்டம் கலையுது!" என்றார் அண்ணே. "ஒன் டூ த்ரீ" என்று எண்ணிவிட்டார். பாட்டு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று வாசிக்கத் தொடங்கினேன். பாட்டு முடிந்தது. கைதட்டல். நான் என் கிட்டாரைக் கழற்றக் குனிந்தேன். அதன் வார் தோளில் சிக்கிக்கொண்டது. விடுவித்து நிமிர்ந்தபோது அவள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். வலது கையில் மைக். "அடுத்ததா உங்களுக்காக" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, இடது கையால் ஈர முந்தானையைக் கிட்டாரின் கழுத்தில் சுற்றித் தூக்கினாள்.

ஸ்பீக்கரில் ஒரு பெரிய ம்ம்ம் எழுந்தது. பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் மறுபடி கைதட்டியது. அவள் நின்றாள். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. இரண்டு கையும் இறுகிப்போயிருந்தன. ஒரு கையில் மைக், மறு கையில் கம்பி, நடுவில் அவள். நீதான் வழி, நீதான் வழி என்று என் குரலே எனக்குக் கேட்டது.

தொடக் கூடாது என்று இருபது வருஷப் பழக்கம் என்னைப் பிடித்து நிறுத்தியது. பாய்ந்து அந்த ஆம்பின் வயரைப் பிடித்து இழுத்தேன். தீக்குச்சியில் நின்ற வயர்தானே, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பலகையில் அவள் விழுந்த சத்தமும் கிட்டார் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கூட்டத்தில் யாரோ இன்னும் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

நெஞ்சை அழுத்திக்கொடுக்கும் முறையையும் நான்தான் பட்டறையில் சொல்லிக்கொடுப்பேன். பொம்மையை வைத்துத்தான் இதுவரை செய்திருக்கிறேன். மஞ்சள் ஈரத்தில் கை வழுக்கியது. எத்தனை முறை அழுத்தினேன் என்று தெரியாது. ஆண் பாடகர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "மூச்சு வருதுப்பா, மூச்சு வருது" என்று கத்தியபிறகுதான் நிறுத்தினேன். முசிறி ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்சில் திருச்சி. வழியெல்லாம் அவள் கண்ணைத் திறக்கவில்லை. காவிரி எந்தப் பக்கம் வந்தது, எப்போது ஊர் வந்தது, எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். இடது கையில் பெரிய கட்டு. கட்டுக்கு அடியில் உள்ளங்கையில் ஆறு கோடு இருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். முந்தின நாள் நான் மன்னார்புரம் போய் அந்த ஆம்பைத் திறந்து பார்த்திருந்தேன். உள்ளே ஒரு வயரின் தோல் தேய்ந்து, செம்பு தகரத்தில் உட்கார்ந்திருந்தது. திறந்த அரை நிமிஷத்தில் கண்ணில் பட்டது. அண்ணே பக்கத்தில் நின்று அழுதார். "தங்கச்சி வந்து பாடட்டும் மாப்ள, எந்தக் கட்டையில வேணா பாடட்டும்" என்றார். அதைத் தை மாதத்திலேயே சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு போதும் என்று கையைத் தடுத்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"அந்தக் கிட்டாரு மொதல்லேர்ந்தே என்னயக் கடிச்சுக்கிட்டுதாங்க இருந்துச்சு. எல்லா ஊர்லயும் இல்ல. சில நாளு. லேசா, எறும்பு மாதிரி. அதான் முந்தானைய சுத்திப் புடிச்சேன். துரு கிரு எல்லாம் சும்மா சொன்னது."

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க அன்னிக்கே அதத் தூக்கி வீசியிருப்பீங்க. எர்த்து எர்த்துன்னு உயிர விடுற ஆளு. அத வீசிட்டா அப்புறம் எனக்கு மேடை ஏது? அண்ணே சித்திரை வரைக்கும்னு சொன்னது எனக்கும் தெரியும். அவரு சம்சாரம் சொன்னாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "என் தப்புதாங்க. உங்ககிட்ட மறைச்சிருக்கக் கூடாது."

அவள் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை மூடி வைத்தேன். அதைப் பார்த்து, நான் கோபத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். கட்டுப் போடாத கையால் என் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, ஒரு நாளாவது என்னய அதத் தொட விட்டிருப்பீங்களா?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். டெஸ்டர் அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.